தட்டுக்காகவா, கைக்காகவா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், இறுதியாண்டு மாணவர்களுக்கான அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஒரு பொருளை எப்படி வடிவமைக்கிறதுன்னு பசங்களுக்கு அரை மணி நேரம் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். தலைப்பு என்ன என்றார். "பாத்திரம் தேய்க்கிற கையுறை" என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ராக்கெட், ரோபோன்னு ஏதாவது வெச்சுக்கலாமே சார்" என்றார்.

ராக்கெட்டைப் பற்றிப் பேச நம் பழைய மாணவர்களிலேயே ஆள் இருக்கிறார்கள். நான் ரப்பர் அச்சுத் தொழிலில் இருப்பவன். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் பேச முடியும்? ஆனால் ஒன்று சொல்கிறேன். பொருளியல், இயந்திரவியல், வேதியியல், உடற்கூறு, விலை ஆகிய ஐந்தும் உள்ளங்கை அகலத்துக்குள் வந்து முட்டிக்கொள்கிற பொருள் இதைப்போல வேறு சுலபத்தில் கிடைக்காது. செலவும் அதிகம் இல்லை. ஆகவே மாணவர்களே, சிரிப்பதைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டுக் கேளுங்கள்.

இரண்டு கண்டுபிடிப்புகள்

முதலில் இரண்டு பழைய கதைகள். இரண்டுமே அமெரிக்காவில் நடந்தவை, இரண்டுக்கும் சில ஆண்டுகளே இடைவெளி.

முதல் கதை ஜோசபின் காக்ரேன் என்ற அம்மையாருடையது. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு 1886ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர். வசதியான வீட்டுப் பெண்மணி. விருந்து முடிந்தபின் வேலைக்காரர்கள் கழுவும்போது அவருடைய விலையுயர்ந்த பீங்கான் தட்டுகளின் ஓரம் உடைந்துபோனதாம். அந்த வருத்தத்தில்தான் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினார் என்று சொல்வார்கள். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அந்த இயந்திரம் வைக்கப்பட்டது. பெரிய ஹோட்டல்கள் வாங்கின.

இரண்டாவது கதை பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்தது. அங்கே அறுவை சிகிச்சை அறையில் செவிலியாக இருந்தவர் கரோலின் ஹாம்ப்டன். கிருமி கொல்வதற்காக அந்தக் காலத்தில் பாதரசக் குளோரைடு கலந்த நீரில் கையை முக்க வேண்டும். அவருடைய கைத்தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1889–90 குளிர்காலத்தில் குட்இயர் ரப்பர் நிறுவனத்தாரிடம் சொல்லி, அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்து வரவழைத்தார். 1890இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள் என்பது மாணவர்களுக்கான கூடுதல் செய்தி! அந்தக் கையுறை நோயாளிக்குக் கிருமி தொற்றாமல் இருப்பதற்காக வந்ததில்லை. அணிகிறவரின் கை புண்ணாகாமல் இருப்பதற்காக வந்தது. நோயாளிக்கும் அது நல்லது என்பது பின்னால்தான் தெரியவந்தது.

பாருங்கள், ஒரு கண்டுபிடிப்பு தட்டுக்காகப் பிறந்தது. இன்னொன்று கைக்காகப் பிறந்தது. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: பாத்திரம் தேய்க்கும் கையுறையை வடிவமைக்க உட்காரும்போது, இது தட்டுக்காகவா, கைக்காகவா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அதிலிருந்துதான் மற்ற எல்லா அளவும் வரும்.

தேய்க்கும்போது என்ன நடக்கிறது?

ஹென்கல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1959இல் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். சுத்தம் செய்கிற எந்த வேலைக்கும் நான்கு பங்காளிகள்: வேதிப்பொருள், உரசல், வெப்பம், நேரம். இந்த நான்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஒன்றைக் கூட்டியாக வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

கழுவும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கை வைத்து உரசுகிற வேலை இல்லை. அந்தக் குறையைச் சுடுதண்ணீரும், காரமான தூளும், நீண்ட நேரமும் ஈடு செய்கின்றன. நம் வீட்டுக் குழாயடிக்கு வாருங்கள். தண்ணீர் பச்சைத்தண்ணீர். நேரமும் இல்லை, அடுத்த வீட்டு வேலை காத்திருக்கிறது. அப்போது மிச்சம் இருப்பது சோப்பும் உரசலும்தான். அந்த இரண்டையும் தாங்குவது கை.

நம் பாட்டிமார் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அடுப்புச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கொஞ்சம் சோப்பாகவே மாறிவிடும். பித்தளைக்கும் செம்புக்கும் புளி. புளியில் உள்ள டார்ட்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைத்துவிடும். உரசுவதற்குத் தேங்காய் நார், சில ஊர்களில் பீர்க்கங்காய் நார். ஆனால் அவர்கள் கையும் சொரசொரவென்றுதான் இருந்தது. அதை "உழைச்ச கை" என்று சொல்லி நாம் விட்டுவிட்டோம்.

இப்போது எவர்சில்வர் வந்துவிட்டது, சோப்புக்கட்டி வந்துவிட்டது, கம்பிநார் வந்துவிட்டது. நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது. அமில-கார அளவில் ஏறக்குறைய 5. சாதாரண சோப்பின் அளவு 9, 10 வரை போகும். தட்டில் உள்ள எண்ணெயை எடுக்கிற அதே சோப்பு, தோலின் இயற்கையான எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. அதற்கு எது தட்டு, எது கை என்று தெரியாது. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தால் அதை 'ஈர வேலை' என்று தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வது தொழில்நலத் துறையில் வழக்கம். நகக்கண் வீங்கி நகச்சுத்தி வருவது, விரலிடுக்கு வெளுத்துப் புண்ணாவது, தோல் வெடித்து எரிவது எல்லாம் இந்த வேலையோடு சேர்ந்தே வருகிறவை. கம்பிநாரின் துண்டு விரலில் ஏறினால் அது தனி உபத்திரவம்.

"அப்படின்னா ரப்பர் கையுறை போட்டுக்க வேண்டியதுதானே?"

கேட்கிறீர்கள், நியாயம்தான். கடையில் கிடைக்கிறது. ஆனாலும் போடுகிறவர்கள் குறைவு. ஏன்?

எங்கள் பக்கத்துத் திருமண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் அக்கா ஒருவரிடம் கேட்டேன். அவர் மூன்றே வாக்கியத்தில் பதில் சொன்னார். "தட்டு வழுக்குது தம்பி. பிசுக்கு போச்சா இல்லையான்னு கைக்குத் தெரிய மாட்டேங்குது. உள்ள தண்ணி போயிட்டா வெளிய இருக்கிறதை விட மோசம்."

எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைவிடச் சுருக்கமான தேவைப்பட்டியலை நான் படித்ததில்லை. மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

வழுக்குவது பிடிப்புப் பிரச்சினை. கையுறை தடிமனாக ஆக, தட்டைப் பிடிக்க அதிக பலம் கொடுக்க வேண்டும். மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும்.

இரண்டாவது நுட்பமானது. தேய்த்து முடித்ததும் நாம் எல்லோருமே கட்டைவிரலால் தட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கிறோம். 'கீச்' என்றால் சுத்தம். வழவழ என்றால் இன்னொரு தடவை. விரல்நுனி அங்கே தேய்ப்பான் மட்டும் இல்லை, தரப் பரிசோதகரும் அதுதான். தடித்த கையுறை அந்தப் பரிசோதகரை வேலையை விட்டே அனுப்பிவிடுகிறது. "கையுறை போட்டா கழுவின மாதிரியே இல்லை" என்று அவர்கள் சொல்வதற்குப் பொருள் இதுதான். பழக்கதோஷம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மூன்றாவது, உள்ளே போகும் ஈரம். மேலிருந்து வழிந்து போகும் தண்ணீர் ஒரு பக்கம். கையிலிருந்தே ஊறும் வியர்வை இன்னொரு பக்கம். காற்று போகாத உறைக்குள் சோப்புத் தண்ணீரோடு கை அரை மணி நேரம் ஊறினால், கையுறை போடாமல் இருந்ததே தேவலை என்று ஆகிவிடும்.

இப்போது சிலிக்கோன் கையுறை என்று ஒன்று இணையக் கடைகளில் விற்கிறது. உள்ளங்கை, விரல் எல்லாம் குட்டிக் குட்டி முட்கள் முளைத்திருக்கும். தேய்ப்பானும் கையுறையும் ஒன்றே என்ற யோசனை நல்ல யோசனை. அதன் நல்ல குணங்களைச் சொல்லிவிட வேண்டும்: பஞ்சு போல ஈரத்தையும் பருக்கையையும் பிடித்து வைத்துக்கொண்டு நாறாது, சீக்கிரம் காயும், 200 டிகிரிக்கு மேலும் வெப்பம் தாங்கும் என்பதால் வெந்நீரில் கொதிக்க வைக்கலாம். குறைகளும் உண்டு. முட்கள் மிருதுவாக இருப்பதால் அடிப்பிடித்த சோற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். சிலிக்கோன் ஒரு இடத்தில் கீறல் விட்டால் அப்படியே கிழிந்துகொண்டு போகும் குணம் உடையது. விரலிடுக்கில்தான் முதலில் போகும். பெரும்பாலும் ஒரே அளவில்தான் வருகிறது. விரல்நுனி முழுக்க முள் என்பதால் நம் பரிசோதகருக்கு அங்கேயும் வேலை இல்லை.

இனி நாம் வடிவமைப்போம்.

முதல் கேள்வி: யாருடைய கை?

ஐரோப்பிய அளவு அட்டவணையில் 7ஆம் எண் கையுறை என்றால் உள்ளங்கைச் சுற்றளவு 178 மில்லிமீட்டர், கை நீளம் 171 மில்லிமீட்டர். 9ஆம் எண் என்றால் சுற்றளவு 229, நீளம் 192. இரண்டுக்கும் சுற்றளவில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். பெரிய உறையைச் சிறிய கையில் மாட்டினால் விரல்நுனியில் ரப்பர் தொங்கும். தட்டு நழுவுவதற்கு அதுவே போதும். நம் நாட்டு உடல் அளவுகளுக்கென்றே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் தேவ்குமார் சக்ரபர்த்தியின் நூல் ஒன்றை வெளியிட்டது. கையின் அளவுகளும் அதில் உண்டு. வடிவமைப்பில் இறங்குகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அதோடு நிற்காமல் ஒரு தையல் டேப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், கட்டைவிரலைத் தவிர்த்து முட்டிகளைச் சுற்றி ஒரு அளவு, மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு அளவு எடுங்கள். எடுக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும்: வளையல். கண்ணாடி வளையல் போட்ட கைக்கு மணிக்கட்டில் இறுகும் உறை பொருந்தாது. இந்தச் செய்தி எந்த அட்டவணையிலும் இருக்காது.

இரண்டாம் கேள்வி: எந்தக் கை?

தேய்க்கிறவரை ஐந்து நிமிடம் சும்மா கவனியுங்கள். ஒரு கை பிடிக்கிறது, ஒரு கை தேய்க்கிறது. அப்படியிருக்க இரண்டு உறையிலும் ஒரே மாதிரி முள் எதற்கு? இடது, வலது என்று எப்படியும் இரண்டு அச்சு வெட்டத்தான் போகிறோம். பிடிக்கிற கைக்கு மெல்லிய உறை, வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் வரிவரியாகச் சொரசொரப்பு, அவ்வளவு போதும். தேய்க்கிற கைக்கு மட்டும் முள். இடக்கைக்காரர்களுக்காக இதையே திருப்பி ஒரு ஜோடி.

தேய்க்கிற கையிலும் எங்கெங்கே முள் வேண்டும்? நடுவிரல், மோதிரவிரல் இரண்டுக்கும் நுனிவரை. டம்ளரின் அடிமூலைக்கு அந்த இரண்டும்தான் போகின்றன. உள்ளங்கையின் மேல்பாதி, தட்டின் பரப்புக்கு அது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் மெல்லியதாக, வழவழவென்று இருக்கட்டும். நம் பரிசோதகரை மறுபடியும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டோம்!

மூன்றாம் கேள்வி: முள் எப்படி இருக்க வேண்டும்?

இங்கேதான் இரண்டாம் ஆண்டில் நீங்கள் மனப்பாடம் செய்த பாடம் உதவிக்கு வருகிறது. ஒரு முள் என்பது ஒரு முனையில் பதிக்கப்பட்ட சின்ன உத்தரம். அதன் விறைப்பு, விட்டத்தின் நான்காம் படிக்கு நேராகவும் நீளத்தின் மூன்றாம் படிக்குத் தலைகீழாகவும் மாறும். 1 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் நீளமும் உள்ள முள்ளை, 1.5 விட்டம், 4 நீளம் என்று மாற்றினால் விறைப்பு எத்தனை மடங்காகும்? வீட்டில் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 17 மடங்கு வரும். அதே ரப்பர், விலையும் ஏறக்குறைய அதேதான். அச்சில் துளையை மாற்றினால் போதும். ஆகவே ஓரத்தில் குட்டையும் தடியுமாகச் சில வரிசை, அவை அடிப்பிடித்ததற்கு. நடுவில் நீண்டு மெலிந்தவை. அவை நுரை பிடிக்கவும் சந்துபொந்தில் நுழையவும். முள்ளின் அடியில் கூர்மையான மூலை விடாதீர்கள், வளைவு கொடுங்கள். கிழிசல் அங்கேதான் தொடங்கும். அச்சிலிருந்து கழன்று வர முள் நுனிப்பக்கம் கொஞ்சம் சரிவும் வேண்டும்.

இத்தனை செய்தாலும் இட்லிக் கொப்பரையின் அடியிலும் பால் காய்ச்சின பாத்திரத்திலும் ரப்பர் முள் தோற்றுத்தான் போகும். அதை ஒத்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு சொருகு பட்டை வையுங்கள். தேங்காய் நாரோ, பச்சைத் தேய்ப்பானின் ஒரு துண்டோ அதில் சொருகிக்கொள்ளலாம். தேய்ந்ததும் எடுத்துப் போட்டுவிட்டு வேறு சொருகலாம். பட்டையின் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பருக்கை அடைத்துக்கொண்டு மறுநாள் நாறும்.

நான்காம் கேள்வி: எந்த ரப்பர்?

இயற்கை ரப்பர் நம் பக்கத்துச் சரக்கு. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள், பால் வெட்டுவதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரத்திலிருந்து வரும் பாலில் 30 முதல் 40 சதவீதம்தான் ரப்பர். அதைச் சுழற்றி 60 சதவீதமாக்கி, அம்மோனியா சேர்த்துக் கையுறைக்குப் பயன்படுத்துகிறார்கள். பீங்கானால் செய்த கை அச்சை முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கி, அப்புறம் பாலில் முக்கினால், அச்சின் மேல் ரப்பர் தோல் போல் உறைகிறது. பிறகு வெந்நீரில் அலசி, 100 டிகிரி வாக்கில் சூட்டில் வைத்தால் பதமாகிறது. இந்த அலசல் சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். பாலில் உள்ள புரதமும் நாம் சேர்த்த வேதிப்பொருளும் அங்கேதான் வெளியேறுகின்றன. அந்தப் புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். கையில் அரிப்பு முதல் மூச்சுத்திணறல் வரை போகலாம். அலசும் நேரத்தை மிச்சம் பிடித்தால் உற்பத்தி கூடும், செலவு அணிகிறவர் தலையில் விழும். தட்டுக்காகவா, கைக்காகவா என்ற கேள்வி தொழிற்சாலைக்குள்ளும் வருகிறது பாருங்கள்.

இயற்கை ரப்பர் நன்றாக இழுபடும், சுலபத்தில் கிழியாது. ஆனால் எண்ணெயில் ஊறினால் உப்பிப் பலவீனப்படும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும், இயற்கைப் பாலின் புரதமும் அதில் கிடையாது. சிலிக்கோன் வெப்பத்தைத் தாங்கும், கிழிசலைத் தாங்காது. எல்லாக் குணமும் உள்ள மாப்பிள்ளை கிடைக்க மாட்டான்!

அதனால் என் யோசனை, ஒரே உறையில் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம் என்பது. உள்ளே நைட்ரைலில் மெல்லிய சாதாரண உறை. அதன் மேலே, முள் உள்ள பகுதி மட்டும் தனியாக, நடுவிரலும் மோதிரவிரலும் நுழைகிற மாதிரி, பின்னங்கையில் ஒரு பட்டையோடு மாட்டிக் கழற்றும் துண்டு. முள் தேய்ந்தால் மேல் துண்டை மாற்றலாம். உறை ஓட்டையானால் உறையை மாற்றலாம். ஒன்று போனால் இரண்டையும் குப்பையில் போட வேண்டிய அவசியம் இல்லை. என் பட்டறையில் இப்படி ஓரிரு மாதிரி செய்து பார்த்தேன். கழற்றி மாட்டுவது எளிதாகவே இருக்கிறது. விலை குறைக்கிற வேலை பாக்கி. அது உங்களுக்கு.

ஐந்தாம் கேள்வி: தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது?

நின்றுகொண்டு சிங்க்கில் கழுவினால் கை கீழ்நோக்கி இருக்கும். குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அண்டாவைத் தேய்க்கும்போது கை மேலே போகும், தண்ணீர் முழங்கைக்கு ஓடிவரும். ஆகவே உறை வளையலையும் தாண்டி முன்கையின் பாதிவரை நீள வேண்டும். வாய் தளர்வாக இருக்க வேண்டும். விளிம்பை வெளிப்பக்கம் ஒரு மடிப்பு மடித்தால் வழிகிற தண்ணீர் அந்த வாய்க்காலில் நின்றுவிடும். வியர்வைக்கு, உள்ளே மெல்லிய பருத்தி உறை. அதை நாலு ஜோடி வைத்துக்கொண்டு துவைத்துக் காயப்போட்டு மாற்றி மாற்றிப் போடலாம். கடைசியாக, விளிம்பில் ஒரு சின்னக் காது. ஆணியில் மாட்டுவதற்கு! உலராத கையுறை மறுநாள் கைக்கு எதிரி. அந்தக் காதுக்கு ஆகும் ரப்பர் ஒரு கிராம் கூட இருக்காது. நம் கையுறையில் அதிகம் பயன்படும் பாகம் அதுவாகவே இருக்கலாம்.

எப்படிச் சோதிப்பது?

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, மருத்துவக் கையுறைக்குச் செய்கிற சோதனையே போதும்: ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் பாருங்கள். விரலின் லாவகத்துக்கு ஐரோப்பியத் தரத்தில் ஒரு சோதனை உண்டு. உறை போட்ட கையால் மேசைமேல் கிடக்கும் சிறு உலோகக் குச்சியை எடுக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குச்சியை எடுத்துவிட்டால் முதல் தரம். சுத்தத்துக்கு, நம் ஆய்வகத் தராசு இருக்கிறது: தட்டை நிறுத்து, ஒரு கிராம் வனஸ்பதி தடவி, எண்ணிப் பத்துத் தேய்ப்பு தேய்த்து, அலசிக் காயவைத்து மறுபடி நிறுங்கள். வெறும் கை, பஞ்சு, நம் உறை மூன்றையும் ஒப்பிடுங்கள். பரிசோதகர் விரலுக்கு, கண்ணைக் கட்டிவிட்டு, நாலு தட்டில் எதில் பிசுக்கு மிச்சம் என்று கேளுங்கள்.

இவையெல்லாம் நம் ஆய்வகத்துச் சோதனை. உண்மையான சோதனை வேறு. உறையைக் கொடுத்துவிட்டு வந்து, ஒரு மாசம் கழித்துச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். ஆணியில் தொங்குகிறதா, கையில் இருக்கிறதா, இல்லை குழாய் ஒழுகாமல் இருக்கச் சுற்றிக் கட்டியிருக்கிறதா? நாம் பார்க்காதபோதும் அவர் போட்டுக்கொண்டால் வடிவமைப்பு ஜெயித்தது. போடவில்லை என்றால், "ஏன் போடலை?" என்று அதட்டாமல், "எங்கே உறுத்துது?" என்று கேளுங்கள். அடுத்த மாதிரிக்கு அளவு அந்தப் பதிலில் இருக்கும்.

யார் வாங்குவது?

இந்தப் பொருளில் ஒரு சிக்கல் உண்டு. போடுகிறவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர். நாலு வீட்டில் பத்துப்பாத்திரம் தேய்க்கிறவர் தன் சம்பளத்தில் கையுறை வாங்க மாட்டார். வீட்டுக்காரர்களோ தேய்ப்பானும் சோப்பும் வாங்கி வைப்பார்கள். கையுறை வாங்கும் எண்ணம் அவர்களுக்குத் தோன்றாது. சோப்பு தட்டுக்கு, ஆகவே அது நம் செலவு. கையுறை கைக்கு, ஆகவே அது அவர்கள் செலவு. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நம் கணக்கு இப்படித்தான் இருக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். 400 பேர் சாப்பிடும் விடுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர். மூன்று வேளைக்கு 2,400 பாத்திரம். ஒன்றுக்கு ஆறு தேய்ப்பு என்றால் 14,400. நாலு பேர் கழுவினால், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 3,600 தேய்ப்பு. அண்டா, குண்டான், கரண்டி எல்லாம் இதில் சேரவில்லை. ஒரு இயந்திர உறுப்பு நாளைக்கு 3,600 தடவை உரசுகிறது என்றால், நாம் அதற்கு எண்ணெய் போடுவோம், தேய்மானம் கணக்கிடுவோம், மாற்று உறுப்பு வாங்கி வைப்போம். இத்தனை வருஷமாக அந்தக் கைக்கு என்ன வைத்தோம்?

மாணவர்களே, இதை நான் உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நாங்களும் இதே விடுதியில் நாலு வருஷம் சாப்பிட்டவர்கள்தான். சாம்பாரில் உப்பு இல்லை என்று ஒருநாள் உண்ணாவிரதமே இருந்த வகுப்பு எங்களுடையது! ஆனால் தட்டு எப்படி மறுவேளை பளபளவென்று வந்து நிற்கிறது என்று எங்களில் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒன்று, இறுதியாண்டு செயல்திட்டத்துக்கு ஒரு குழு இதை எடுத்துக்கொள்ள வேண்டும். இயந்திரவியல் மாணவர்கள் மட்டும் போதாது. வேதியியல் துறையிலிருந்து ஒருவர் வரட்டும், கண்டிப்பாக மாணவியர் இருக்கட்டும், வளையல் விஷயம் எங்களுக்குத் தோன்றாது. இரண்டு, சங்கத்தாருக்கு. இந்த மலருக்கும் மேடைக்கும் செலவழிப்பதோடு, ஒரு சோதனை அச்சு வெட்டும் செலவையும் சங்கம் ஏற்க வேண்டும். என் பட்டறையில் அழுத்து இயந்திரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது சும்மாதான் நிற்கிறது. மாணவர்கள் வந்து பயன்படுத்திக்கொள்ளலாம். டீ என் செலவு.

இன்று மதியம் நமக்கெல்லாம் விருந்து. வாழை இலைதான், தட்டு இல்லை என்று முதல்வர் சொன்னார். நல்லது. ஆனால் அண்டாவும் குண்டானும் சாம்பார் வாளியும் இலையில் சேராதவை. சாப்பிட்டு முடித்ததும் குழுப் புகைப்படம் எடுக்கப் போவதற்கு முன்னால், செயல்திட்டக் குழு மட்டும் ஒரு தையல் டேப்போடு சமையற்கூடத்துப் பின்பக்கம் போங்கள். அனுமதி கேளுங்கள். அங்கே இருக்கும் அக்காமார்களின் கை அளவை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். வடிவமைப்பின் முதல் பக்கம் இன்றைக்கே எழுதியாகிவிடும்.